பிளம்ஸ் தின்ற நாய்க்குப் புளித்தண்ணீர் கொடுக்கலாமா?

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. நான்கு வயது ஊர்நாய், நிறை 14 கிலோ. ஐந்து நாளுக்கு முன் முற்றத்தில் பொங்கிய சர்க்கரைப் பொங்கலில் இரண்டு கைபிடி அளவு தின்றுவிட்டது. அதில் பிளம்ஸும், அதாவது முந்திரிகை (திராட்சை) வத்தலும், கஜுவும் கிடந்தன. கனடாவில் இருக்கும் மச்சாள் வீடியோ அழைப்பில் இதைப் பார்த்துவிட்டு, "பிளம்ஸ் நாய்க்கு நஞ்சு, உடனே சத்தி எடுக்கப் பண்ணுங்கோ" என்று பதற, அம்மா புளியைக் கரைத்துப் பருக்கியிருக்கிறா. நாய் ஒருமுறை சத்தி எடுத்தது, பிறகு படுத்துவிட்டது, இப்போது ஓடித் திரிகிறது. இதற்கு முன் வளர்த்த நாய் 11 வருடம் கறிச்சோறு தின்றே வாழ்ந்ததாம். அப்படியென்றால் இந்த நஞ்சுப் பட்டியலெல்லாம் உண்மையா, வெளிநாட்டு நாய்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எங்கள் குசினியில் இருப்பவற்றில் எது, எவ்வளவு போனால் நாய்க்கு ஆபத்து என்பது ஒன்று. இரவில், மிருக வைத்தியர் முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும்போது வீட்டில் என்ன செய்யலாம் என்பது மற்றது. இரண்டாவதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் நாயின் விடயத்தில் அதுதான் பெரிது, ஏனென்றால் அது தின்ற பிளம்ஸைவிட அதற்குப் பருக்கிய புளிதான் எனக்குக் கூடுதல் கவலையைத் தருகிறது.

முதலில் ஊர்நாய், வெளிநாட்டு நாய் என்ற பேச்சை முடித்துவிடுவோம். ஈரலும் சிறுநீரகமும் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன. வித்தியாசம் நிறையில்தான். 14 கிலோ நாய்க்கு வயிற்றுக் குழப்பத்தோடு போய்விடுகிற அளவு, 3 கிலோ பொமரேனியனைக் கொன்றுவிடலாம். ஆகவே "இது நஞ்சா" என்று கேட்பதைவிட "என் நாயின் நிறைக்கு இது எத்தனை கிராம்" என்று கேட்பது பயன் தரும். பழைய நாய் 11 வருடம் வாழ்ந்தது நல்ல செய்தி, ஆனால் அது சாட்சி ஆகாது. தின்ற அன்றைக்கே விழுகிற நாய்கள் குறைவு. மூன்று நாள், ஐந்து நாள் கழித்து நாய் சோர்ந்து விழும்போது பாம்பு கடித்திருக்கும், யாரோ மருந்து வைத்திருப்பார்கள் என்றுதான் பேச்சு வரும். அதற்கு முந்தின ஞாயிறு அது எந்தச் சட்டியை நக்கியது என்று எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி பிளம்ஸ். முந்திரிகைப்பழமும் அதன் வத்தலும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது உறுதியான விடயம். எந்த நாய்க்கு, எந்த அளவில் என்பதில்தான் உறுதி இல்லை. வத்தலில், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 3 கிராம் போனபோது சிறுநீரகம் பழுதான நாய்கள் பதிவாகியிருக்கின்றன. அதைவிடக் கூடத் தின்று ஒன்றும் ஆகாத நாய்களும் உண்டு. அதனால் "இவ்வளவு வரை பயமில்லை" என்று எந்த வைத்தியரும் எழுதித் தரமாட்டார். ஏன் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்பதற்கு 2021 இல் ஒரு நல்ல விளக்கம் கிடைத்தது. அமெரிக்காவில் விலங்கு நஞ்சு ஆலோசனை கொடுக்கும் மருத்துவர்கள், முந்திரிகையில் இருக்கும் தார்த்தாரிக் அமிலந்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று சொன்னார்கள். பழத்தின் வகைக்கும் பழுத்த பதத்துக்கும் ஏற்ப அந்த அமிலத்தின் அளவு மாறும், ஆகவே நஞ்சும் மாறும். அவர்கள் அந்த முடிவுக்கு வந்த வழியில் புளியும் இருந்தது. கேக் அடிக்கப் போடும் தார்த்தார் உப்பைத் தின்ற நாய்க்கும், புளியம்பழம் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரிச் சிறுநீரகப் பழுது வந்திருந்தது.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். இரண்டு கைபிடி பொங்கலில் ஒரு பத்துப் பன்னிரண்டு பிளம்ஸ் இருந்திருக்கும். ஒன்று அரைக் கிராம் என்றால் மொத்தம் 6 கிராம். 14 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு அரைக் கிராம் கூட வராது. அதற்குள் இருக்கும் தார்த்தாரிக் அமிலம் ஒரு கிராமில் சிறு பங்கு. புளியின் சதையிலோ நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை தார்த்தாரிக் அமிலம் உண்டு. தேசிக்காய் அளவு புளி, அதாவது 30 கிராம் போல் கரைத்திருந்தால், அதில் 2 முதல் 5 கிராம் வரை அந்த அமிலம் இருந்திருக்கும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சத்தியோடு வெளியே வந்தது என்பதை அங்கே நின்றவர்கள்தான் சொல்லமுடியும். ஆனால் எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும், மாற்று மருந்து என்று கொடுத்ததில் இருந்த நஞ்சு, நஞ்சென்று பயந்த பொருளில் இருந்ததைவிடப் பல மடங்கு. அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நஞ்சு தின்ற மாட்டுக்கும் நாய்க்கும் புளி கரைத்துப் பருக்குவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். நாயைப் பொறுத்தவரை அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். புளி விட்ட மீன்குழம்பு கொஞ்சம் சோற்றோடு பட்டுவிட்டதென்று கலங்கவேண்டாம், அந்த அளவில் நாய்கள் விழுவதைக் காண்பதில்லை. ஒரே தடவையில் கட்டியாகக் கரைத்த புளி வேறு விடயம். சர்க்கரைப் பொங்கல் தைக்கு மட்டுமென்றில்லை, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலும் இருக்கிறது. நாய்க்கு வைக்கிற பங்கை பிளம்ஸ் போட முதல் எடுத்து வைத்தால் பிரச்சினை முடிந்தது. கலியாணக் கேக்கும் நத்தார் கேக்கும் கூடுதல் கவனம் வேண்டியவை. அவற்றில் மாவைவிட வத்தல்தான் அதிகம், மேலே பிராந்தியும் விட்டிருப்பார்கள்.

வெங்காயமும் உள்ளியும் எங்கள் சமையலில் உண்மையான சிக்கல், ஏனென்றால் அவை இல்லாத கறி இல்லை. வெங்காயத்தில் இருக்கும் கந்தகச் சேர்வைகள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. ஒரே தடவையில் கிலோவுக்கு 15 கிராம் போனால் இரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். 14 கிலோ நாய்க்கு அது 210 கிராம், அதாவது நடுத்தரமான பம்பாய் வெங்காயம் இரண்டு. உள்ளி இதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வீரியமானது, ஒரு பெரிய முழு உள்ளியே போதும். இவ்வளவையும் ஒரு நாய் ஒரே நேரத்தில் தின்பது அபூர்வம். ஆனால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதும் சேர்ந்துகொள்ளும், உடைகிற அணுக்களை உடல் ஈடுசெய்ய முடியாத கட்டம் ஒன்று வரும். வேகவைத்தால், பொரித்தால், காயவைத்தால் நஞ்சு போய்விடும் என்பது பிழை. சொதியில் வெங்காயத்தைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை ஊற்றுவதும் பயனில்லை, சாரம் தண்ணீரில் இறங்கிவிட்டது. சூப்புக் கட்டியிலும் நூடில்ஸ் பக்கற்றோடு வரும் தூளிலும் காய்ந்த வெங்காயமும் உள்ளியும் இருக்கும், காய்ந்தது என்பதால் எடைக்கு எடை வீரியம் கூட.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வெங்காயத்தின் பாதிப்பு அன்றைக்கே தெரியாது. முதல் நாள் சத்தியோ வயிற்றோட்டமோ வரலாம், வராமலும் போகலாம். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் முரசு வெளிறும், மூச்சு வாங்கும், சலம் தேத்தண்ணிச் சாயம் போலப் போகும். வன்னியில் இதே அடையாளங்களோடு வருகிற இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். அங்கே உண்ணி காவுகிற ஒட்டுண்ணி அதே சிவப்பணுக்களை உடைக்கிறது. கொழுக்கிப் புழு நிறைந்த குட்டிகளிலும் முரசு வெள்ளையாகப் போகும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, கண்ணால் பார்த்துப் பிரிக்கமுடியாது. இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் தெரியும். அதனால் வைத்தியரிடம் போகும்போது காதுக்குள் உண்ணி இருந்ததா என்பதோடு, போன கிழமை நாய் என்ன தின்றது என்பதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சொக்லேட் எங்கள் கடைகளில் விற்கும் மலிவு வகையில் பெரிய ஆபத்தில்லை, அவற்றில் கொக்கோ குறைவு. வெளிநாட்டிலிருந்து வரும் பொதிகளில்தான் கவனம் வேண்டும். நஞ்சாவது தியோபுறோமின்; கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டினால் சத்தியும் பதற்றமும், 40 தாண்டினால் இதயத் துடிப்பில் குழப்பம், 60 அளவில் வலிப்பு. பால் சொக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கும், 70 வீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள கறுப்புச் சொக்லேட்டில் 800 வரை. உங்கள் நாய் 100 கிராம் பால் சொக்லேட் கட்டி ஒன்றை முழுதாகத் தின்றால் கிலோவுக்கு 14 போல, பெரும்பாலும் வயிற்றுக் குழப்பத்தோடு தப்பும். அதே அளவு கறுப்புச் சொக்லேட் என்றால் 57, அது உடனே வாகனம் பிடிக்கவேண்டிய அளவு. 3 கிலோ பொமரேனியனுக்குப் பால் சொக்லேட்டே 30 கிராம் போதும், அடையாளங்கள் தொடங்கிவிடும். கொக்கோத் தூள் எல்லாவற்றிலும் கடுமை. நாயின் உடலிலிருந்து இந்த நஞ்சு மெதுவாகத்தான் வெளியேறும், ஆகவே படபடப்பு இரண்டு மூன்று நாள் நீடிக்கக்கூடும்.

அதே பொதியில் சொக்லேட்டைவிடக் கெட்டது ஒன்று வரும்: சீனி இல்லாத சுவிங்கமும் நீரிழிவுக்காரருக்கான இனிப்பும். அவற்றில் சிலவற்றில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி சேர்த்திருக்கும், சில நாட்டு உறைகளில் ஈ 967 என்று இருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடல் அதைச் சீனி என்று ஏமாந்து இன்சுலினை அள்ளி விடும், இரத்தச் சீனி விழுந்துவிடும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். சில சுவிங்கங்களில் ஒரு துண்டிலேயே 1 கிராம் வரை இருக்கும், ஆகவே உங்கள் நாய்க்கு இரண்டு துண்டு ஆபத்து. அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம். கிலோவுக்கு அரைக் கிராமுக்கு மேல் போனால் அடுத்த நாட்களில் ஈரலும் பழுதாகலாம். சீனி இல்லாதது எல்லாமே இப்படியல்ல, சோபிட்டோலும் ஸ்டீவியாவும் இதைச் செய்யா. உறையைப் பார்க்காமல் தீர்மானிக்க வழியில்லை. சில பற்பசைகளிலும் சில பீனட் பட்டர் போத்தல்களிலும் சைலிட்டோல் இருக்கும்.

இவற்றையெல்லாம் விட வன்னியில் மாரி காலத்தில் நான் முதலில் சந்தேகிப்பது பூசணத்தை. கச்சான் பிடுங்கிச் சரியாகக் காயாமல் சாக்கில் கட்டினால், ஐப்பசி கார்த்திகை மழையில் சாக்கின் அடியில் பச்சை மஞ்சளாகப் பூசணம் பிடிக்கும். சோளத்திலும் கோழித்தீனிலும் புண்ணாக்கிலும் நனைந்த குறுணலிலும் இதே கதை. அந்தப் பூசணம் விடுகிற அஃபிளாதொக்சின் ஈரலை அழிக்கிற நஞ்சு, நாய்களால் அதைத் தாங்கவே முடியாது. விற்கமுடியாத கச்சானை, கோழி தின்னாத தீனை, நாய்க்கு அவித்துப் போடுவோமே என்ற எண்ணந்தான் இங்கே கொல்லுகிறது. சோறு வேகும் சூட்டில் இந்த நஞ்சு அழியாது; பூசணத்தைக் கழுவித் துடைத்தாலும் உள்ளே ஊறியது நிற்கும். பல நாள் தின்ற பிறகு நாய் சாப்பாட்டை மறுக்கும், சோரும், கண்வெள்ளையும் முரசும் மஞ்சளாகும், சத்தியிலும் மலத்திலும் இரத்தம் வரும். மஞ்சள் தெரிகிற நேரத்தில் ஈரலின் பெரும்பங்கு போயிருக்கும். பூசணம் பிடித்த பாணும் குப்பைக் கிடங்கில் அழுகிய மிச்சமும் இன்னொரு விதம். அவற்றில் வளரும் வேறு பூசணங்கள் சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் நடுங்க வைக்கும், பார்த்தால் பயிர் மருந்து தின்ற நாய் போலவே இருக்கும். கோழிக்குக் கூடாததும் ஆட்டுக்குக் கூடாததும் நாய்க்கும் கூடாது. கிடங்கை மூடி வையுங்கள்.

எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். வெந்த கோழிக் கால் எலும்பு சிராய் சிராயாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஆட்டெலும்பை நிறையத் தின்ற நாய்க்கு மலம் சுண்ணாம்புக் கட்டி போல இறுகும். ஏ9 வீதியோரம் அவித்து விற்கும் சோளப்பொத்தியின் தண்டு, மாங்கொட்டை, பலாக்கொட்டை ஆகியவை நஞ்சில்லை, ஆனால் குடலை அடைத்துவிடும். திரும்பத் திரும்பச் சத்தி, மலம் போகாமை, தண்ணீரும் தங்காமை என்றால் அது எக்ஸ்றேயும் சத்திரசிகிச்சையும் தேவைப்படும் நிலை, வீட்டில் வைத்து விளக்கெண்ணெய் பருக்குவது குடலைக் கிழிக்கும். விருந்து முடிந்து கோழித் தோலும் ஆட்டுக் கொழுப்பும் பொரித்த எண்ணெய்க் கசடும் ஒரு சட்டி நிறையப் போடும்போது கணையம் அழலும். முன்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது போல நிற்கிற நாய்க்கு வயிற்றில் கடும் நோ.

சின்னச் சின்னதாகச் சில. புளித்த அப்பமாவும் ஈஸ்ட் போட்ட பாண்மாவும் வயிற்றுக்குள் போயும் பொங்கும், வயிறு ஊதும், மதுவும் ஊறும். கள்ளுப் போத்தலை நக்கவிடுவது விளையாட்டில்லை. பாக்கில் இருக்கும் அரிக்கோலின் ஒருகாலத்தில் நாய்க்குப் புழு மருந்தாகவே இருந்தது, எச்சில் ஒழுக்கி வயிற்றோட்டம் போகச் செய்வதுதான் அதன் வேலை. வெற்றிலைத் தட்டத்தில் அதைவிடப் பயப்படவேண்டியது புகையிலை. பால் நஞ்சில்லை, வளர்ந்த நாய்க்குச் செமிக்காமல் வயிற்றாலை போகும், அவ்வளவுதான். பால்தேத்தண்ணி ஒரு மிடறு கொல்லாது, ஆனால் வடித்த சாயத்தூளைக் குவியலாகத் தின்னவிடாதீர்கள். காய்ச்சல் என்று சோற்றுக்குள் பனடோல் வைப்பது நிற்கவேண்டும்: கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவில் ஈரல் கெடும், 5 கிலோ நாய்க்கு அது ஒரே ஒரு குளிசை. மூட்டு நோவுக்கு மனிதர் போடும் ஐபுபுரோபனும் டைக்கிளோபெனக்கும் அதைவிடச் சிறு அளவிலேயே இரைப்பையைப் புண்ணாக்கும். முல்லைத்தீவுக் கரையில் வலையிலிருந்து எறிகிற பேத்தை மீனை நாய் எட்டவிடாதீர்கள், அதன் நஞ்சுக்கு மாற்று மருந்தே இல்லை.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். முதலில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், உறையையோ சட்டியையோ எறியாமல் வையுங்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள், வைத்தியருக்கு அழையுங்கள். அந்தத் தொலைபேசி இலக்கத்தை இன்றைக்கே எடுத்து வையுங்கள். பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர் அலுவலகம் பெரும்பாலும் மாட்டுக்கும் ஆட்டுக்குமாக ஓடுவதுதான், ஆனாலும் நாய்க்கும் வழி சொல்வார்கள். சத்தி எடுக்க வைப்பது தின்று இரண்டு மணி நேரத்துக்குள் மட்டுமே பயன் தரும். நாய் தெளிவாக நின்று விழுங்கக்கூடிய நிலையிலும் இருக்கவேண்டும். நடுங்குகிற, தள்ளாடுகிற, மயங்கிய நாய்க்குச் செய்தால் சத்தி நுரையீரலுக்குள் போய்விடும். மண்ணெண்ணெய், அமிலம், பற்றரி, கூரான எலும்பு உள்ளே போயிருந்தால் எக்காரணம் கொண்டும் கூடாது. வைத்தியர் தொலைபேசியில் சரி என்று சொன்னால் பயன்படுத்துவது 3 வீத ஐதரசன் பெரொட்சைட், கிலோவுக்கு 1 மில்லி. உங்கள் நாய்க்கு 14 மில்லி. எந்த நாய்க்கும் 45 மில்லிக்கு மேல் இல்லை. 6 வீதக் கரைசலும் பாமசிகளில் இருக்கும், அதை அப்படியே விட்டால் இரைப்பை வெந்துபோகும். போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு எடுங்கள்.

வீட்டு வைத்தியங்களில் உப்புத்தண்ணீரை முதலில் விடுங்கள். கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பே நாய்க்கு நஞ்சு. 14 கிலோ நாய்க்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு அந்த எல்லைக்குள் வந்துவிடும், சத்தி வராவிட்டால் அவ்வளவும் உள்ளேயே நிற்கும். தேங்காய்ப்பாலும் தேங்காயெண்ணெயும் நஞ்சை முறிக்கும் என்பார்கள். பயிர் மருந்துகளில் பல கொழுப்பில் கரைபவை, எண்ணெய் அவற்றை இன்னும் வேகமாக உடம்புக்குள் கொண்டுபோகும். சவர்க்காரத் தண்ணீர் நுரைத்துச் சுவாசப்பைக்குள் போகும். அடுப்புக்கரியை இடித்துக் கொடுப்பதில் பெரிய கெடுதி இல்லை, பயனும் இல்லை. வைத்தியர் கொடுக்கும் கரி தனியாகப் பதப்படுத்தியது. வீட்டில் உடனே செய்து உயிர் காக்கக்கூடிய ஒன்று உண்டென்றால் அது சைலிட்டோல் விடயத்தில்தான்: நாய் சோர்ந்து தள்ளாடினால் தேனையோ சீனிப்பாகையோ விரலில் எடுத்து முரசில் தடவிக்கொண்டே வைத்தியரிடம் போங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள்.

இரண்டு நிலைகளை உணவு நஞ்சென்று நினைத்து நேரத்தைப் போக்கக்கூடாது. வாய்நீர் வழிந்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, தசை துடித்து, தண்ணீராக வயிற்றோட்டம் போனால் அது பூச்சிமருந்து. அதற்கு அத்திரப்பின் ஊசி வேண்டும், தாமதம் நிமிடக் கணக்கில் உயிரை எடுக்கும். மற்றது, தொண்டையில் எலும்பு சிக்கியது போல வாயைத் திறந்தபடி, எச்சில் வடித்து, குரல் மாறி, தண்ணீர் விழுங்க முடியாமல் நிற்கிற நாய். தடுப்பூசி போடாத நாய் என்றால் அதன் வாய்க்குள் கையை விடாதீர்கள். அது விசராக இருக்கலாம். எலும்பு எடுக்கிறேன் என்று கை வைத்தவர்கள் பிறகு ஊசிக்கு ஓடவேண்டி வரும். நாயைத் தனியாக அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். எச்சில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கறிச்சோறை விடவேண்டுமா என்றால், சோற்றை விடவேண்டாம், கறியை மாற்றினால் போதும். வெங்காயம் வதக்க முதல், தாளிதம் கொட்ட முதல் நாயின் பங்கு வேறாகிவிடவேண்டும். 14 கிலோ வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சோறு 300 கிராம், முள் நீக்கிய அவித்த மீன் அல்லது எலும்பு நீக்கிய கோழி 150 கிராம், பூசணிக்காய் ஒரு கைபிடி, தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி என்பது ஏறத்தாழச் சரியாக வரும். மெலிந்தால் கூட்டுங்கள், விலா தடவித் தெரியாவிட்டால் குறையுங்கள். நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்து இரண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவி அவியுங்கள். இந்தச் சாப்பாட்டில் கல்சியம் போதாது, முட்டைக்கோதைக் காயவைத்து நன்றாக அரைத்த தூள் அரைத் தேக்கரண்டி அதை ஈடுசெய்யும். குட்டிகளுக்கும் குட்டித்தாய்ச்சி நாய்க்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

உங்கள் நாய்க்கு வருகிறேன். முந்திரிகையோ புளியோ சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தால் முதல் நாள் சத்தியும், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் சாப்பாட்டு மறுப்பும், சோர்வும், சலம் மிகக் கூடுவதோ அடியோடு நிற்பதோ தெரிந்திருக்கும். ஐந்தாம் நாள் ஓடித் திரிகிறது, சாப்பிடுகிறது என்றால் பெரிய ஆபத்து கடந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நாயைப் பார்க்காமல் எழுத்தில் இதற்கு மேல் உறுதி தரமுடியாது. அவிழ்த்துவிட்ட நாய் எங்கே, எவ்வளவு சலம் போகிறது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு நாளைக்கு வளவுக்குள் கட்டி வைத்து, அளந்து தண்ணீர் வைத்து, எவ்வளவு குடிக்கிறது, எத்தனை தடவை சலம் போகிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் குடித்தால், அல்லது சலம் தண்ணீர் போல நிறமில்லாமல் போய்க்கொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரியா இரண்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.